சொல்வதற்கு முன் கேட்போம்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வகுப்புத் தோழியர் அனைவரின் சார்பில்)

முன்னுரை

வருமுன் காப்பதே சிறந்தது என்று சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். சுகாதாரம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் முதல் வரியாக இதைத்தான் எழுதுவோம்; பத்துக்கு எட்டு மதிப்பெண்ணும் பெற்று விடுவோம். ஆனால் நமக்குத் தெரிந்ததைப் பக்கத்து வீட்டுப் பாட்டியும் தெருமுனைப் பஞ்சர் கடை அண்ணனும் ஏற்றுக் கொள்ளும்படி எடுத்துச் சொல்வது எப்படி? இந்தக் கேள்விக்கு நாங்கள் எந்தக் கட்டுரையிலும் விடை எழுதியதில்லை. அதைக் கற்கும் வாய்ப்பு இவ்வாண்டு எங்கள் வகுப்புக்குக் கிடைத்தது. ஒரு பைசாவும் கட்டணமில்லாத இணையவழிப் பாடம் ஒன்றின் வாயிலாகக் கிடைத்தது. அதில் கற்றதையும், நாங்கள் செய்த பிழைகளையும் இங்கே எழுதுகிறோம். பிழைகளை ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். அவற்றிலிருந்துதான் அதிகம் கற்றோம் என்பதே எங்கள் பதில்.

காலியாயிருந்த இடம்

சென்ற ஆண்டு நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, ஐப்பசி மழை விட்ட ஒரு திங்கட்கிழமை எங்கள் தோழி ஒருத்தி காய்ச்சலென்று பள்ளிக்கு வரவில்லை. இரண்டு நாளில் வந்து விடுவாள் என்று நினைத்தோம். பதினோரு நாட்கள் வரவில்லை. டெங்குக் காய்ச்சல் என்று சொன்னார்கள். காலையில் வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் வரும்போதெல்லாம் வகுப்பு அமைதியாகிவிடும். பன்னிரண்டாம் நாள் மெலிந்து, கண்கள் குழிந்து வந்து உட்கார்ந்தாள். "எனக்காகப் பரீட்சையைத் தள்ளி வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்று சொல்லிச் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். ஆனால் அந்தப் பதினோரு நாட்களை ஒருவரும் மறக்கவில்லை.

டெங்கு நம் பகுதிக்குப் புதியதன்று. 2017-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 23,000-க்கு மேற்பட்டோருக்கு டெங்கு கண்டறியப்பட்டது. அவ்வாண்டு கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் நம் சேலமும் ஒன்று. இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. சாக்கடையைத் தேடிப் போகாமல் நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. நம் சமவெளியில் மழை குறைவு. ஆகவே வீட்டுக்கு வீடு சிமெண்டுத் தொட்டியும் பிளாஸ்டிக் டிரம்மும் உண்டு. நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரித் தொழில் பெருகியதால் பட்டறை வாசல்களில் பழைய டயர்கள் அடுக்கிக் கிடக்கும். டயரின் உட்குழிவில் ஒரு டம்ளர் மழைநீர் நின்றால் போதும், அது கொசுவுக்குத் தொட்டிலாகிவிடும். தேங்காய்ச் சிரட்டையும், புழக்கத்தில் இல்லாத ஆட்டுக்கல்லும் அப்படியே. இவையெல்லாம் பாடப்புத்தகத்திலும் நாளிதழிலும் படித்து நாங்கள் அறிந்தவையே.

எங்கள் முதல் ஊர்வலம்

ஜூலை மாதத்தில் ஒரு நாள் விழிப்புணர்வு ஊர்வலம் சென்றோம். அட்டைகளில் வண்ண மையால் "தேங்கிய நீரை அகற்றுவோம்", "டெங்குவை ஒழிப்போம்" என்று எழுதிப் பிடித்துக் கொண்டோம். முழக்கமிட்டுக் கொண்டே நான்கு தெருக்களைச் சுற்றி வந்தோம். மக்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். சிலர் கைதட்டினார்கள். புகைப்படமும் எடுத்துக் கொண்டோம். திரும்பி வரும்போது தொண்டை கட்டியிருந்தாலும் மனம் நிறைந்திருந்தது.

மூன்றாவது தெருவில் மட்டும் ஒரு பாட்டி எங்களை நிறுத்தினார். "ஏங் கண்ணு, தண்ணி ஆறு நாளைக்கு ஒருக்காத்தான் வருது. புடிச்சு வெச்சதக் கொட்டுன்னு சொல்றீங்களே, அப்பறம் நாங்க எதைக் குடிக்கறது?" என்று கேட்டார். எங்களுக்கு விடை தெரியவில்லை. "கொட்டத்தான் வேணும் பாட்டி" என்று ஒருத்தி மெல்லச் சொன்னாள். பாட்டி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுவாரம் அதே தெரு வழியே போனபோது எந்தத் தொட்டியும் கொட்டப்படவில்லை, எந்த டயரும் நகரவில்லை. "ஜனங்களுக்கு அக்கறையே இல்லை" என்று எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் முறையிட்டோம். அவர் உடனே பதில் கூறவில்லை. சற்று யோசித்துவிட்டு, "அந்தப் பாட்டி கேட்டதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் தலை குனிந்தோம்.

கட்டணமில்லா வகுப்பு

அடுத்த சனிக்கிழமை சிஸ்டர் எங்களைக் கணினி அறைக்கு அழைத்துச் சென்றார். உலக சுகாதார நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் 'ஓபன் டபிள்யூ.ஹெச்.ஓ.' என்ற பெயரில் இலவச இணையக் கல்வி ஒன்றைத் தொடங்கியது. நோய் பரவும் காலத்தில் தேவையான அறிவு மருத்துவர்களுக்கு மட்டுமன்றி, விரும்பும் எவருக்கும் உடனே கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2020-இல் கொரோனா பரவியபோது உலகெங்குமிருந்து பல இலட்சம் பேர் அதில் சேர்ந்து படித்தார்கள். பிற்பாடு இப்பணி, பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட அந்நிறுவனத்தின் அகாடமியோடு இணைந்தது. இதே போல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2020 மே மாதத்தில், தொற்றுக்கு ஆளானவர்களுடன் தொடர்பு கொண்டவர்களைத் தேடிப் பேசும் முறையைக் கட்டணமின்றிக் கற்பித்தது. நம் நாட்டிலும் 2017 முதல் 'ஸ்வயம்' என்ற அரசின் இணைய மேடை இருக்கிறது. வீட்டில் பணமில்லை என்பதால் ஒருவரின் படிப்பு நின்றுவிடக் கூடாது என்று எண்ணுவோர் உலகில் பலர் இருக்கிறார்கள் என்பதை அன்று அறிந்தோம்.

நாங்கள் எடுத்துக் கொண்டது, நோய் பரவும் காலத்தில் மக்களிடம் பேசுவது எப்படி என்னும் பாடம். பாடம் ஆங்கிலத்தில் இருந்தது. திரை ஒன்று, நாங்கள் முப்பத்திரண்டு பேர். சில சனிக்கிழமைகளில் மின்சாரம் போகும், சில சமயம் படம் பாதியில் நின்று சுழன்று கொண்டே இருக்கும். ஒவ்வொரு பகுதியையும் இரண்டு முறை பார்த்து, நாலு நாலு பேராகப் பிரிந்து தமிழில் எழுதிக் கொண்டோம். "நம் வீட்டு ஆயாவுக்குப் புரியும் தமிழில் எழுதுங்கள். அப்படி எழுத முடியாவிட்டால் உங்களுக்கே இன்னும் புரியவில்லை என்று பொருள்" என்றார் சிஸ்டர். இந்த ஒரு விதியே எங்களுக்குப் பாதிப் பாடமாயிற்று.

ஆறு அளவுகோல்கள்

நலவாழ்வுச் செய்தி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஆறு இயல்புகளை வகுத்துக் கூறியது. அவற்றை நாங்கள் எங்கள் தமிழில் இவ்வாறு எழுதி வைத்திருக்கிறோம்.

முதலாவது, எட்டும்படி இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவரிடம் அட்டையை நீட்டிப் பயனில்லை. பகலில் தறிக்குப் போகிறவர்களின் தெருவில் பகல் பதினொரு மணிக்கு முழக்கமிட்டால் யார் கேட்பார்?

இரண்டாவது, செய்யும்படி இருக்க வேண்டும். "டெங்குவை ஒழிப்போம்" என்றால் யார், எப்போது, எதைச் செய்வது? கேட்டவர் அன்றே தம் கையால் செய்யக் கூடிய ஒரு செயலைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நம்பும்படி இருக்க வேண்டும். தெரிந்ததைச் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். ஒரு முறை பொய்த்துப் போனால் அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

நான்காவது, பொருந்தும்படி இருக்க வேண்டும். ஆறு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும் தெருவுக்கும் தினமும் தண்ணீர் வரும் தெருவுக்கும் ஒரே செய்தி பொருந்தாது.

ஐந்தாவது, காலத்தில் சொல்ல வேண்டும். காய்ச்சல் பரவிய பின் ஊர்வலம் போவதைவிட, மழைக்கு முன்பே வீடு வீடாகப் போவது மேல்.

ஆறாவது, புரியும்படி இருக்க வேண்டும். "கொசு உற்பத்தி ஆதாரங்களை அழித்தல்" என்று எழுதினால் தேர்வுத்தாள் திருத்துபவருக்குப் புரியும். "தொட்டிய ஒட்டத் தேச்சுக் கழுவுங்க" என்றால்தான் தெருவுக்குப் புரியும்.

எங்கள் ஊர்வலத்தை இந்த ஆறு அளவுகோல்களையும் வைத்து அளந்து பார்த்தோம். ஒன்றில்கூட நாங்கள் தேறவில்லை.

நம் நாட்டில் இதற்கு முன்

இந்தக் கலை வெளிநாட்டிலிருந்து இணையத்தில் இறங்கியது என்று எண்ண வேண்டா. 1970-களில் பெரியம்மையை ஒழிக்கப் புறப்பட்ட பணியாளர்கள், அம்மை கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டை ஒன்றைக் கையில் எடுத்துச் சென்றார்கள். வீடு வீடாகவும் சந்தை சந்தையாகவும் அதைக் காட்டி, இப்படி யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டார்கள். அறிவுரை கூறுவதற்கு முன்பு கேள்வி கேட்டார்கள், மக்களும் சொன்னார்கள். 1975-இல் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி கண்டறியப்பட்டார். 1980-இல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

எச்.ஐ.வி. தொற்று இந்தியாவில் முதன்முதலாக 1986-இல் நம் சென்னையில் கண்டறியப்பட்டது. பின்னர் லாரித் தொழிலாளர் மிகுந்த நாமக்கல் போன்ற பகுதிகளை அது வாட்டியது. நோயைச் சொல்லி அச்சுறுத்தினால் நோயுற்றோரை ஊரார் ஒதுக்குவார்களே தவிர, நோய் குறையாது என்பது அனுபவத்தில் தெரிந்தது. சென்னையின் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் நிறுவனம் 1995-இல் தொடங்கிய எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தில் லாரி ஓட்டுநர்களிடையே செய்த பணி முக்கியமானது. ஓட்டுநருக்கு ஓட்டுநரே சொன்னால்தான் காது கொடுத்துக் கேட்பார் என்பது இத்தகைய பணிகள் தந்த பாடம்.

இன்னொன்றும் எங்கள் நெஞ்சைத் தொட்டது. பெண் சிசுக் கொலையால் நம் சேலம், தருமபுரிப் பகுதி ஒரு காலத்தில் தலை குனிந்து நின்றது. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில்தான் முதலில் தொடங்கப்பட்டது. 1997 முதல் 1999 வரை தருமபுரி மாவட்டத்தில், டென்மார்க் நாட்டின் உதவி பெற்ற சுகாதாரத் திட்டத்தின் சார்பில் கலைக்குழுக்கள் ஊர் ஊராகச் சென்று பாட்டாலும் நாடகத்தாலும் பெண் குழந்தையைக் காக்கும்படி பேசின. இந்தப் பகுதியில் பிறந்து பள்ளிச் சீருடை அணிந்து நிற்கும் பெண்களாகிய நாங்கள், அந்தப் பேச்சைக் கேட்ட தாய்மார்களுக்கும் பேசியவர்களுக்கும் கடன்பட்டவர்கள் அல்லவா?

நாங்கள் சொன்ன ஒரு சொல்

மூன்று வகுப்புகள் முடிந்ததும் எல்லாம் தெரிந்து விட்டதாக எண்ணிக் கொண்டோம். செப்டம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, சிறு சிறு குழுக்களாக வீடுகளுக்குப் போனோம். இம்முறை முழக்கமில்லை. வாசலில் நின்று வணக்கம் சொல்லிப் பேசினோம். ஒரு வீட்டில் ஆறு வயதுப் பையன் பாயில் படுத்திருந்தான். நான்கு நாட்களாகக் காய்ச்சலாம். "இன்னிக்குக் காத்தால சூடு விட்டுருச்சு. இனிப் பயமில்லீங்களே?" என்று அவன் அம்மா கேட்டார். "இல்லீங்க்கா, காய்ச்சல்தான் விட்டுருச்சே, இனிப் பயமில்லை" என்றோம். அவர் முகம் மலர்ந்தது. எங்களுக்கும் மகிழ்ச்சியாக இருந்தது.

அன்று மாலை எங்கள் படங்களைச் சரிபார்ப்பதற்காக, சிஸ்டரின் அழைப்பின் பேரில் கிராம சுகாதாரச் செவிலியர் பள்ளிக்கு வந்தார். டெங்குவைப் பற்றி அவர் கூறியவற்றுள் ஒன்று இது: காய்ச்சல் இருக்கும்போதைவிடக் காய்ச்சல் இறங்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு தணியும். அந்தச் சமயத்தில் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும், இரத்த அழுத்தம் இறங்கும், உயிருக்கே ஆபத்தாகும். அந்த ஒன்றிரண்டு நாட்களைத் தாண்டிய பிறகே நிம்மதி கொள்ளலாம்.

எங்களுக்குக் கைகால் ஓடவில்லை. ஒருத்தி அழத் தொடங்கினாள். நடந்ததைச் சொன்னோம். செவிலியர் எங்களைக் கடிந்து கொள்ளவில்லை. "எந்த வீடு? வாங்க, போலாம்" என்று எழுந்தார். சிஸ்டரும் நாங்கள் மூவரும் ஆட்டோவில் போனோம். பையன் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தான். வயிறு வலிக்கிறதென்று முனகினான். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து உடனே மூடிக் கொண்டான். செவிலியர் 108-க்குத் தொலைபேசியில் சொன்னார். வண்டி வருவதற்குள் அந்த அம்மா எங்களைப் பார்த்து, "பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களே பயமில்லைன்னு சொன்னீங்களேன்னுதான் சும்மா இருந்தேன்" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

பையன் ஐந்தாம் நாள் நலமாக வீடு திரும்பினான். கடவுளுக்கும், இரவெல்லாம் விழித்திருந்து பார்த்துக் கொண்டவர்களுக்கும் நன்றி சொல்கிறோம். அந்தச் சொல்லை எங்களுள் யார் சொன்னார் என்று சிலர் கேட்டார்கள். அதை எழுதப் போவதில்லை. அவள் சொன்னபோது நாங்களும் பக்கத்தில் நின்று தலையசைத்தோம். ஆகவே நாங்கள் சொன்னோம்.

நலவாழ்வுச் செய்தி என்பது மருந்தைப் போன்றது என்பதை அன்று அறிந்தோம். அளவு தவறினால் அதுவும் தீங்கு செய்யும். தெரியாத கேள்விக்கு, "எங்களுக்குத் தெரியாதுங்க, செவிலியரைக் கேட்டுட்டு வந்து சொல்றோம்" என்பதே சரியான விடை. தவறாகச் சொல்லிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றே திரும்பிப் போய்த் திருத்த வேண்டும்.

காய்ச்சல் கண்ட வீட்டுக்குச் சொல்ல வேண்டியவை

செவிலியர் திருத்திக் கொடுத்தபடி, ஒவ்வொரு வீட்டுக்கும் நாங்கள் சொல்லி வருபவை இவை.

டெங்குவைக் கொல்லும் தனி மருந்து இல்லை. ஓய்வும், நீராகாரமும், மருத்துவரின் கண்காணிப்புமே முக்கியம். கஞ்சி, இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றை அடிக்கடி கொடுக்க வேண்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக் கசிவை அதிகப்படுத்தக் கூடும். கடையில் தாமாக வாங்கித் தரக் கூடாது.

கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், கை கால் சில்லிடுதல், மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகிய இவற்றுள் ஒன்று தெரிந்தாலும், சூடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சந்தேகம் கேட்க 104, வண்டி அழைக்க 108.

மீண்டும் பாட்டி வீட்டுக்கு

அதன் பிறகு மூன்றாவது தெருப் பாட்டியிடம் சென்று, "அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு எங்களுக்குப் பதில் தெரியலைங்க பாட்டி. தண்ணிய எப்படிப் புடிக்கறீங்கன்னு சொல்லுங்க" என்று கேட்டோம். பாட்டி உட்காரச் சொன்னார். தண்ணீர் வரும் நாள், பிடிக்கும் நேரம், எத்தனை குடம், தொட்டியில் எத்தனை நாள் நிற்கும் என்று அரை மணி நேரம் சொன்னார். நாங்கள் குறுக்கிடாமல் கேட்டோம்.

பின்னர் நாங்கள் கற்றதைச் சொன்னோம். ஏடிஸ் கொசுவின் முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை. நீர்மட்டத்தை ஒட்டித் தொட்டியின் உட்சுவரில் ஒட்டிக் கொள்கிறது. காய்ந்தாலும் பல மாதங்கள் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கிறது. ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒரு முறை தேய்த்தால் கொசுவாகவே வராது.

பாட்டி சற்று யோசித்தார். "தண்ணி வர்ற அன்னிக்குக் காத்தால தொட்டி காலியாத்தானே கெடக்கும்? புதுத் தண்ணி புடிக்கறதுக்கு முன்னாடி தேங்காநார் போட்டுத் தேச்சுட்டாப் போச்சு. இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?" என்றார். ஒரு சொட்டுத் தண்ணீரும் வீணாகாத அந்த வழியை எங்கள் பாடத்தில் எவரும் சொல்லவில்லை, பாட்டிதான் சொன்னார். மேலே பழைய வேட்டியை இரண்டாக மடித்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி மூடுவதும் அவர் காட்டியதே. அன்று முதல் அத்தெருவில் நாங்கள் சொல்லும் செய்தி ஒன்றே ஒன்று: "தண்ணி வர்ற நாள், தொட்டி தேய்க்கிற நாள்."

பட்டறைத் தெருவிலும் அவ்வாறே செய்தோம். டயர் ரீட்ரேடிங் பட்டறைக்காரரிடம் டயரை உள்ளே எடுத்து வையுங்கள் என்று சொல்லவில்லை. எதனால் வெளியே வைக்கிறீர்கள் என்று கேட்டோம். உள்ளே இடமில்லை என்றார். மழை படாமல் வைக்க வழியுண்டா என்றோம். "கிழிஞ்ச படுதா எத்தனை வேணும்? லாரிக்காரங்க குடுத்துட்டுப் போறதே குமிஞ்சு கெடக்குது" என்று சிரித்தார். மறுவாரம் அவருடைய டயர் அடுக்கின் மேல் பச்சைப் படுதா ஒன்று கட்டப்பட்டிருந்தது. பக்கத்துப் பட்டறைக்கும் அவரே போய்ச் சொன்னார். ஏடிஸ் கொசு சில நூறு மீட்டருக்கு மேல் பறந்து செல்வதில்லை. ஆகையால் ஒரு தெருவின் கொசு பெரும்பாலும் அத்தெருவிலேயே பிறந்தது. இதைச் சொன்னதும், "அப்ப நம்ம தெருவ நாமதான் பாத்துக்கணும்" என்றார் அவர்.

பேசி முடித்ததும், "நாங்க சொன்னதை ஒரு தடவை சொல்லுங்க" என்று கேட்கும் வழக்கத்தையும் கற்றோம். இது கேட்டவரைச் சோதிப்பதற்காக அன்று. நாங்கள் சரியாகச் சொன்னோமா என்று எங்களையே சோதித்துக் கொள்வதற்காக. ஒருவர் தவறாகத் திருப்பிச் சொன்னால், பிழை எங்களுடையது என்று கொண்டு வேறு விதமாகச் சொல்வோம்.

வதந்தியும் வாட்ஸ்அப்பும்

2020 பிப்ரவரியில், நோய் பரவும்போது பொய்ச் செய்தியும் தொற்றைப் போலவே பரவுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. அதை எங்கள் தெருக்களிலும் கண்டோம். பப்பாளி இலைச் சாறு குடித்தால் மருத்துவமனைக்கே போக வேண்டாம் என்ற செய்தி பல வீட்டுக் கைப்பேசிகளில் இருந்தது. "இது பொய்" என்று முகத்திலடித்தாற்போல் சொன்னால், அனுப்பிய மாமாவை அவமதித்ததாகும். ஆகவே, "சாறு குடிச்சாலும் சரி, நிலவேம்புக் குடிநீர் குடிச்சாலும் சரி, டாக்டருகிட்டச் சொல்லிட்டுக் குடியுங்க. இரத்தப் பரிசோதனைய மட்டும் விட்டுடாதீங்க" என்று சொல்லப் பழகினோம். ஒரு செய்தியை அடுத்தவருக்கு அனுப்புமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். யார் சொன்னது? எப்போது சொன்னது? வேறு எங்கு உறுதி செய்யலாம்? விடை கிடைக்காவிட்டால் அனுப்பாமல் இருப்பதே நல்லது. பெற்றோர்களும் இதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

முடிவுரை

எல்லா வீடுகளும் மாறிவிட்டன என்று நாங்கள் எழுத மாட்டோம். பட்டறைத் தெருக் கோடியில் இன்னும் சில டயர்கள் மழையில் நனைகின்றன. ஒரு வீட்டில் எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்திக் கொள்கிறார்கள். அங்கே இன்னும் எப்படிக் கேட்பது என்று நாங்கள் கற்கவில்லை. எட்டாம், ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் அடுத்த ஆண்டு இப்பணியைத் தொடர முன்வந்திருப்பது எங்களுக்கு மகிழ்ச்சி. அவர்களுக்காகக் குறிப்பேட்டை நூலகத்தில் வைத்திருக்கிறோம்.

இணைய வகுப்பின் முடிவில் ஒரு தேர்வு இருந்தது, எல்லோரும் தேறினோம். சான்றிதழை அச்செடுத்து வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். ஆனால் எங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருப்பது அச்சான்றிதழ் அன்று. அங்கே அந்தப் பையனின் அம்மா கேட்ட கேள்வியையும், நாங்கள் சொன்ன தவறான விடையையும், அதன் கீழே சரியான விடையையும் எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த ஆண்டு அதைத் திறக்கும் தங்கையர் முதலில் அதைப் படிக்கட்டும்.

சென்ற வாரம் பாட்டி வீட்டு வழியே போனோம். தண்ணீர் வரும் நாள் அது. பாட்டி தொட்டிக்குள் குனிந்து தேய்த்துக் கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் நிமிர்ந்து, "என்ன கண்ணு, இன்னிக்கு என்ன கேக்க வந்தீங்க?" என்றார்.